முப்பத்தொன்றாம் கேள்வி

கணக்கெடுப்பு அலுவலகத்தில் அவளுக்கு 'செகண்ட் ஷோ' என்று பெயர். வீடு வீடாகப் போய் முதல் முறை கேள்வி கேட்பவர்கள் முப்பது பேர். அவர்கள் எழுதிவந்தது சரிதானா என்று அதே வீட்டுக்கு இரண்டாம் முறை போகிறவள் அவள் ஒருத்திதான். முதல் ஆளைச் சிரித்த முகத்தோடு உள்ளே விட்டவர்கள்கூட அவளைக் கண்டதும் முகத்தைச் சுளிப்பார்கள். "இப்பத்தானம்மா ஒருத்தர் வந்து எல்லாத்தையும் கேட்டுட்டுப் போனாரு" என்பார்கள். அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவள் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு ஒரு காலை உள்ளே வைத்திருப்பாள். எட்டு வருட அனுபவம்.

அந்த வருடத்துக் கேள்விகள் உதவித்தொகை பற்றியவை. உடம்புக்கு முடியாமல் வேலையை விட்டவர்களுக்கு அரசு மாதாமாதம் கொடுத்துவந்த தொகையில் சீர்திருத்தம் வந்திருந்தது. இனி மருத்துவக் குழுவின் முன்னால் போய் நின்று காட்ட வேண்டும். நிற்க முடிகிறது என்றால் வேலையும் செய்ய முடியும் என்று எழுதித் தொகையை நிறுத்திவிடுவார்கள். இதனால் எத்தனை பேர் வேலைக்குத் திரும்பினார்கள், வீட்டில் என்ன மாறியது என்று அளந்து சொல்லும் பொறுப்பு அவளுடைய அலுவலகத்துக்கு வந்தது. சீர்திருத்தத்துக்கு முன்பு ஆயிரத்து இருநூறு வீடுகளில் கேட்டு வைத்திருந்தார்கள். ஒரு வருடம் கழித்து அதே வீடுகள், அதே எண்பத்தாறு கேள்விகள். அதில் முப்பத்தொன்றாவது இது: 'கடந்த ஏழு நாட்களில், சாப்பிட எதுவும் இல்லாததால், வீட்டில் யாராவது ஒரு நாள் முழுவதும் சாப்பிடாமல் இருந்தீர்களா?' ஆம் என்றால் ஒன்று. இல்லை என்றால் இரண்டு.

தரவுப் பிரிவின் தலைவரை முதுகுக்குப் பின்னால் எல்லோரும் பஞ்சு என்பார்கள். குரல் அப்படி. ஒருவரை வேலையைவிட்டு நிறுத்தும்போதுகூட, காய்ச்சல்காரரின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பவர் போலத்தான் பேசுவார். அவர் ஒரு நாள் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"உட்காருங்க. டீ சொல்லட்டுமா?"

"வேண்டாம் சார்."

மேசைமேல் ஒரு பட்டியலை அவள் பக்கமாகத் திருப்பி வைத்தார். அறுபத்து நான்கு வீடுகள். "முப்பத்தொன்னாம் கேள்விக்குப் போன தடவை இல்லைன்னவங்க, இந்தத் தடவை ஆமாங்கறாங்க. இப்படித் திடீர்னு ஏறாது. கேள்வி புரியாம சொல்லியிருப்பாங்க. இல்லாட்டி, ஆமான்னா உதவி திரும்ப வந்துடும்னு ஒரு நப்பாசை. நீங்க போய் கொஞ்சம் விளக்கிக் கேளுங்க."

"விளக்கின்னா எப்படி சார்?"

"நாள் முழுக்கன்னா நாள் முழுக்கத்தானே? நடுவுல ஒரு துண்டு ரொட்டி தின்னிருந்தா? ஒரு டம்ளர் பால் குடிச்சிருந்தா? அதுவும் சாப்பாடுதானே. நாம எதையும் திணிக்கல. துல்லியம், அவ்வளவுதான்."

அவள் பட்டியலைப் புரட்டினாள். "போன தடவை ஆமான்னுட்டு இந்தத் தடவை இல்லைங்கறவங்களும் இருப்பாங்களே. அவங்களையும் போய்க் கேக்கணுமா?"

பஞ்சு ஈரக் காகிதம் ஒன்றை உருவி விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார். அது அவர் வழக்கம். "அது நாம எதிர்பார்த்த திசை. அதை எதுக்குக் கிளறணும்?"

அவளுக்குப் புரியாமல் இல்லை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை நீட்டிக்கிற ஒப்பந்த வேலை அவளுடையது. அடுத்த நீட்டிப்பு வரும் மாதம். கையெழுத்துப் போட வேண்டியவர் எதிரில் உட்கார்ந்து விரல் துடைத்துக்கொண்டிருந்தார். "சரி சார்" என்று பட்டியலை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

அந்த வாரம் இருபத்து மூன்று வீடுகளுக்குப் போனாள். வேலை அவள் நினைத்ததைவிடச் சுலபமாக இருந்தது. பெண்களிடம் 'அக்கா' என்றாள். ஆண்களிடம் 'அண்ணா' என்றாள். அந்த ஒரு சொல்லுக்கு எப்பேர்ப்பட்ட முரடனும் இறங்கிவருவான் என்பது அவளுக்குத் தெரியும். பசித்தது என்று ஒப்புக்கொள்ள யாருக்குமே பிடிக்காது என்பதும் தெரியும். பிடிக்காத அந்தப் பதிலிலிருந்து வெளியே வர ஒரு சின்னச் சந்து காட்டினால் போதும், அவர்களாகவே வந்துவிடுவார்கள். ஒரு தையல்காரம்மா, "ஆமாமா, பக்கத்து வீட்டுக் கல்யாணத்துல கொடுத்த கேக்கு ஒரு துண்டு இருந்துச்சு, அதைத் தின்னேன்" என்று அவசர அவசரமாக நினைவுபடுத்திக்கொண்டாள். கண் தெரியாத ஒரு தட்டச்சர், "நான் முன்னாடி தப்பா சொல்லிட்டேன், மன்னிச்சுக்குங்க" என்று கைகூப்பினார். அவளும் பதிலுக்குக் கைகூப்பிவிட்டு டேப்லெட்டில் இரண்டை அழுத்தினாள்.

இருபத்து மூன்றாவது வீடு ஓர் அடுக்குக் கட்டடத்தின் நாலாவது மாடியில் இருந்தது. லிப்ட் வேலை செய்யவில்லை. அந்த வீட்டுக்காரர் கிடங்கில் சுமை தூக்கியவர். பெட்டி சரிந்து விழுந்ததில் முதுகெலும்பு நசுங்கி ஐந்து வருடமாயிற்று. மருத்துவக் குழு முன்னால் இரண்டு நிமிடம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார் என்பதால் அவருடைய தொகை நின்றுபோயிருந்தது.

கதவு சாத்தியிருக்கவில்லை. ஒரே அறை. திரைச்சீலையால் மறைத்த ஒரு மூலைதான் சமையலறை. தரையில் பலகை போட்டு அதன்மேல் அவர் மல்லாந்து படுத்திருந்தார். கை எட்டும் தூரத்தில் தண்ணீர்ப் பாட்டில், காலியான மாத்திரை அட்டைகள், சிறுநீருக்கு ஒரு குவளை. அறையில் அந்த வாடை இருந்தது. கொடியில் ஆஸ்பத்திரித் துப்புரவுச் சீருடை ஒன்று சொட்டிக்கொண்டிருந்தது. உட்கார ஒன்றும் இல்லாததால் அவள் ஒரு பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அண்ணா, கொஞ்ச நாள் முன்னாடி எங்க ஆள் வந்தாரே, அந்த வாரத்தைப் பத்தி ஒரே ஒரு கேள்வி. நாள் முழுக்கச் சாப்பிடாம இருந்தேன்னு சொல்லியிருக்கீங்க."

"ஆமா. வியாழக்கிழமை."

"காலையிலேர்ந்து ராத்திரி வரைக்கும் வாயில எதுவுமே படலையா?"

அவர் யோசித்தார். நேர்மையாக யோசித்தார். "டீ குடிச்சேன்."

"வெறும் டீயா, சர்க்கரை போட்டா?"

"சர்க்கரை போட்டுதான்."

"பால்?"

"கொஞ்சம் விட்டிருப்பா."

"பாத்தீங்களாண்ணா? பாலும் சர்க்கரையும் உள்ள போயிருக்கு. அப்ப முழு நாள் பட்டினின்னு சொல்ல முடியாதுல்ல?"

அவர் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தார். வெகு நாளாக மற்றவர்கள் சொல்வதற்குத் தலையாட்டிப் பழகிய முகம் அது. "நீங்க சொன்னா சரிதாம்மா" என்றார்.

அவள் இரண்டை அழுத்தினாள். அழுத்திவிட்டு நிமிர்ந்தபோது வாசலில் அவர் மனைவி நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றிருந்தாளோ தெரியவில்லை. கையில் ஒரு பை.

"அந்தச் சர்க்கரை எங்கேர்ந்து வந்துச்சுன்னு கேக்க உங்க பெட்டியில இடமிருக்கா மேடம்?" என்றாள்.

அவள் டேப்லெட்டை மடியில் கவிழ்த்து வைத்தாள்.

"நோயாளிங்க தட்டுல மிச்சம் வெக்கிற பொட்டலம். பாலும் அப்படித்தான், அந்தக் குட்டிக் குட்டி டப்பா. எச்சில் தட்டை எடுக்கறப்ப பொறுக்கிட்டு வர்றேன். மாட்டினா வேலை போயிடும். அதைத்தான் சாப்பாடுன்னு எழுதிக்கிட்டீங்களா?" மனைவி பையைக் கீழே வைத்தாள். "எழுதிக்குங்க. எழுதிட்டுக் கிளம்புங்க."

அவள் செருப்பைச் சரியாக மாட்டாமலே படியிறங்கினாள்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் கையைச் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவினாள். கணவன் நகரப் பேருந்து ஓட்டுபவன். வேலை முடிந்து வந்து சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தான். இந்த வாரம் என்ன வேலை என்று கேட்டான். அவள் சொன்னாள். கேட்டதும் அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"நீ போய் ஒரு வார்த்தை கேட்டாலே அவங்களுக்கு வயிறு நிறைஞ்சிடுதா? அட, இது தெரியாம நான் காய் நறுக்கிட்டிருக்கேனே. எங்கிட்டயும் கேட்டுடு, அடுப்பு மிச்சம்."

அவள் சிரிக்கவில்லை. அவன் கத்தியை வைத்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தான்.

"எத்தனை வீடு?"

"இருபத்து மூணு. அதுல பத்தொன்பது மாறிடுச்சு."

"மாறிடுச்சா, மாத்தினியா?"

அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். பேட்டி எல்லாவற்றையும் டேப்லெட் தானாகவே ஒலிப்பதிவு செய்யும். தரத்துக்காக என்று வைத்த ஏற்பாடு. யாரும் போட்டுக் கேட்டதில்லை. கட்டிலில் உட்கார்ந்து காதில் மாட்டிக்கொண்டு அவள் நாலாவது மாடிப் பேட்டியைக் கேட்டாள். அதட்டல் இல்லை, மிரட்டல் இல்லை. 'பாத்தீங்களாண்ணா?' என்று கேட்ட குரலில் பாசம் வழிந்தது. அதுதான் குமட்டியது. பஞ்சுவின் குரலை அப்படியே வாங்கித் தன் தொண்டையில் வைத்துக்கொண்டு நாலு மாடி ஏறியிருக்கிறாள். தையல்காரம்மாவின் பேட்டியையும் போட்டாள். கைகூப்பிய தட்டச்சரின் பேட்டியையும் போட்டாள். ஒவ்வொன்றிலும் அதே குரல், அதே குழைவு. உடம்பில் என்னவோ ஒட்டிக்கொண்டது போலக் கூசியது. மறுபடியும் எழுந்துபோய்க் குளித்தாள்.

மறுநாள் காலையில் அவள் பட்டியலின் முதல் வீட்டிலிருந்து மறுபடி தொடங்கினாள். கோப்பு அடுத்த வாரச் சனிக்கிழமை மூடப்படும்வரை அவளுடைய கடவுச்சொல்லில் பதில்களைத் திருத்த முடியும். இன்னும் போகாத நாற்பத்தொரு வீடுகளில், எந்த வாரம் என்று மட்டும் சொல்லிவிட்டு, அச்சில் உள்ள கேள்வியை உள்ளபடியே வாசித்தாள். அதற்குமேல் ஒரு சொல் கூட்டவில்லை. அண்ணா இல்லை, அக்கா இல்லை. முப்பத்தெட்டு வீடுகளில் ஆமாம் என்றார்கள். மாற்றிய பத்தொன்பது வீடுகளுக்கும் போய், "நான் அன்னிக்குக் கேட்ட விதம் தப்பு. மறுபடியும் கேக்கறேன்" என்றாள். சிலர் பழையபடி ஆமாம் என்றார்கள். சிலர் திட்டினார்கள். தட்டச்சர் பயந்துபோனார். "எது சொன்னா உங்களுக்கு வசதி? அதைச் சொல்லிடறேன்" என்றார். அவர் காலடியில் உட்கார்ந்து அரை மணி நேரம் பேசிப் பார்த்தாள். அவர் மாற்றிச் சொல்லவில்லை.

நாலாவது மாடிக்குக் கடைசியில்தான் போனாள். மனசு வரவில்லை என்பதுதான் காரணம். மனைவி கதவைத் திறந்து, ஆனால் வழிவிடாமல் நின்றாள்.

"என்ன, பால் டப்பாவை எண்ண வந்தீங்களா?"

"அன்னிக்கு நான் எழுதினதை அழிக்க வந்தேன்."

உள்ளிருந்து அவர் குரல் வந்தது. "யாரு?"

"சாப்பிட்டீங்கன்னு சொன்ன அம்மா. இன்னிக்குச் சாப்பிடலைன்னு சொல்ல வந்திருக்காங்க."

அவர் சிரித்தார். சிரித்ததில் முதுகு வலித்து நிறுத்திக்கொண்டார். "எனக்கே தெரியலம்மா. முதல்ல ஒருத்தர் வந்தாரு, பட்டினின்னேன். நீங்க வந்து இல்லைன்னீங்க, சரின்னேன். இப்ப ஆமாங்கறீங்க. என் வயிறு, நாலு பேர் சேர்ந்து முடிவு பண்ண வேண்டியதா இருக்கு. நான் எதுவும் சொல்லல. விட்டுடுங்க."

"வீட்டுல வேற பெரியவங்க யார் வேணா பதில் சொல்லலாம்" என்று அவள் மனைவியைப் பார்த்துச் சொன்னாள். விதி அப்படித்தான் இருந்தது.

மனைவி அவளை ஏறிட்டுப் பார்த்தாள். நம்பிக் கெட்டவர்கள் பார்க்கிற பார்வை. பிறகு சொன்னாள்: "எழுதுங்க. வியாழன் அவர் சாப்பிடல. வெள்ளி நான் சாப்பிடல. சனிக்கிழமை ரெண்டு பேருமே. ஞாயித்துக்கிழமை என் தங்கச்சி வந்தா. அவ கொண்டுவந்ததை அவ முன்னாடி அள்ளி அள்ளித் தின்னோம். அவ அழுதுட்டா. எனக்கு அழுகை வரல. அவமேலதான் ஆத்திரமா வந்துச்சு. அதுக்கு உங்க பெட்டியில எண் இருக்கா?"

"இல்லக்கா."

"அப்ப ஒன்னை மட்டும் அழுத்துங்க."

அவள் ஒன்றை அழுத்தினாள்.

திங்கட்கிழமை பஞ்சு அவளை அழைத்தார். டீ சொல்லட்டுமா என்று கேட்டார். திரையில் அறுபத்து நான்கு வீடுகளும் வரிசையாக இருந்தன. சிலவற்றுக்கு நேராக ஒன்று, இரண்டு, ஒன்று என்று மூன்று பதில்கள்.

"நீங்க கஷ்டப்பட்டு அலைஞ்சிருக்கீங்க. தெரியுது" என்றார். "ஆனா பாருங்க, ஒரே வீடு, ஒரே வாரம், மூணு பதில். இதை வெச்சு யாரால என்ன முடிவுக்கு வர முடியும்? முரண்பட்ட பதில்னா அந்த வீட்டை நீக்கணும்னு விதியே இருக்கு."

"சார், மத்த வீடுகள்ல முரண்பாடே இல்லையே. நாப்பத்தோரு வீட்டுல நான் ஒரே தடவைதான் கேட்டேன். முப்பத்தெட்டு பேர் மறுபடியும் ஆமான்னுதான் சொன்னாங்க."

"கேட்டது நீங்கதானே?" குரல் இன்னும் இறங்கியது. "சரிபார்க்கிறவங்க மேலயே கேள்வி வந்துட்டா, அவங்க கை பட்ட எதையும் வெச்சுக்க முடியாது. அறுபத்து நாலையும் எடுத்துட்டோம்."

அவள் நாற்காலியின் நுனிக்கு வந்தாள். "அப்ப பட்டினி கிடந்தோம்னு புதுசா சொன்ன எல்லாரையும் எடுத்துட்டீங்க."

"பட்டினின்னு உறுதியாகாதவங்களை."

"ஒலிப்பதிவு இருக்கு சார். நான் எப்படிக் கேட்டு மாத்தினேன்னு அதுல இருக்கு. அவங்க எப்படிச் சொன்னாங்கன்னும் இருக்கு. நீங்களே போட்டுக் கேளுங்க."

"அதெல்லாம் மக்களோட அந்தரங்கம். நாம மதிக்கணும்" என்று பஞ்சு ஈரக் காகிதத்தை உருவினார்.

அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தால் அந்த மேசைமேலேயே வாந்தியெடுத்துவிடுவோம் என்று தோன்றியதால் அவள் எழுந்தாள். கதவருகில் திரும்பி, "நாலாவது மாடியில மூத்திர வாடை அடிக்குது சார். ஆனா அங்க உக்காரும்போது எனக்குக் குமட்டல" என்றாள். அவர் வருத்தத்தோடு தலையசைத்தார். ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை என்ற கடிதம் அந்த வாரமே வந்தது. அதில் அவளுடைய எட்டு வருடச் சேவைக்கு நன்றி சொல்லியிருந்தார்கள்.

கணக்கெடுப்பை மேற்பார்வை செய்யும் குழுவுக்கு அவள் நாலு பக்கக் கடிதம் எழுதினாள். பஞ்சு சொன்னதை எழுதினாள். தான் செய்ததையும் மறைக்காமல், எந்த வீட்டில் எந்த வார்த்தையைச் சொல்லிப் பதிலை மாற்றினேன் என்று வரிசையாக எழுதினாள். கணவன் வாசித்துப் பார்த்துவிட்டு, "உன்னையே மாட்டிவிட்டுக்கற" என்றான். பிறகு அவனே போய்த் தபாலில் சேர்த்துவிட்டு வந்தான். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. கடிதம் பெறப்பட்டது, கவனத்தில் கொள்ளப்பட்டது. அவ்வளவுதான்.

அறிக்கை இரண்டு மாதத்தில் வெளிவந்தது. சீர்திருத்தத்தால் உணவின்றி இருந்த வீடுகளின் எண்ணிக்கையில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் இல்லை என்று அதில் இருந்தது. செய்தித்தாள்கள் அதைக் கொட்டை எழுத்தில் போட்டன. நூற்றுப் பதினெட்டாம் பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில், தரக் குறைபாடு காரணமாக அறுபத்து நான்கு வீடுகள் நீக்கப்பட்டன என்று ஒரு குறிப்பு. அதைக் கண்டுபிடிக்க அவளுக்கே இரண்டு முறை புரட்ட வேண்டியிருந்தது.

இதை யாரிடமாவது சொல்லியாக வேண்டும் போலிருந்தது. சொல்ல வேண்டியவர்களிடமே சொல்லிவிடலாம் என்று மறுநாள் நாலாவது மாடி ஏறினாள். இந்த முறை கையில் டேப்லெட் இல்லை. மனைவி அப்போதுதான் வேலை முடிந்து வந்து, சீருடையோடு தரையில் உட்கார்ந்து கணுக்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவர் பலகையில் படுத்திருந்தார். அவள் நடந்ததை நின்றபடியே சொன்னாள்.

"எடுத்துட்டாங்கன்னா என்ன அர்த்தம்?" என்று அவர் கேட்டார்.

"உங்களை யாரும் எதுவும் கேக்காத மாதிரி. இப்படி ஒரு வீடே இல்லாத மாதிரி."

அவர் கண்ணைக் கூரைக்குத் திருப்பினார். மனைவி மற்றக் காலைத் தேய்க்க ஆரம்பித்தாள்.

"அப்ப இனிமே கேள்வி கேக்க யாரும் வர மாட்டாங்க?"

"மாட்டாங்க."

"ஏதோ, அதுவாச்சும் நடந்துச்சே." மனைவி நிமிர்ந்து பார்த்தாள். "உங்க வேலை?"

"போயிடுச்சு."

"வேற பாத்தீங்களா?"

"இன்னும் இல்ல."

மனைவி யோசித்தாள். "ஆஸ்பத்திரியில ஆள் எடுக்கறாங்க. கழிவறை, வார்டு, எல்லாம் கழுவணும். மூணு பேர் போன வாரம் நின்னுட்டாங்க."

கிண்டலோ என்று அவள் அந்த முகத்தைக் கூர்ந்து பார்த்தாள். கிண்டல் இல்லை. அன்பும் இல்லை. தெரிந்த ஒரு தகவலைச் சொல்லும் முகம்தான் அது.

"யாரைப் பாக்கணும்?" என்று கேட்டாள்.

"பின்வாசல்ல மேற்பார்வைக்காரம்மா இருப்பாங்க. காலையில அஞ்சரைக்கே போயிடணும், ஆறுக்குப் போனா திருப்பி அனுப்பிடுவாங்க. கையுறை அவங்களே குடுப்பாங்க. ஓட்டை இருக்கும், ஊதிப் பாத்து வாங்குங்க" என்றாள் மனைவி.